‘ஓரிரு இடங்களில்’ என்றால் என் களமா, பக்கத்து ஊர்க் களமா?

நீடாமங்கலம் வயல்காரன் | ஞாயிறு, இரவு 10.05

ஆற்றாமையில் எழுதுகிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாலு மா (ஒரு மா ஏறத்தாழ மூன்றில் ஒரு ஏக்கர்) குறுவை, ஏ.டி.டி. 43 ரக நெல். வியாழக்கிழமையே அறுத்திருக்க வேண்டியது. கைப்பேசியில் இருக்கும் ஒரு வானிலைச் செயலி வெள்ளிக்கும் சனிக்கும் மேகமும் மூன்று துளியும் காட்டியது. வாசல்வரை வந்த பெல்ட் அறுவடை வண்டியைப் பக்கத்துக்காரருக்கு அனுப்பிவிட்டேன். அந்த இரண்டு நாளும் வெயில் மண்டையைப் பிளந்தது. இன்றைக்கு அதே செயலியில் முழுச் சூரியன். காலையில் அறுத்து, களத்தில் கொட்டிப் பரப்பினோம். ஐந்தே முக்காலுக்கு மேற்கே கறுத்தது. ஆறு பத்துக்கு நான் ஒரு முனை, என் மனைவி ஒரு முனை என்று படுதாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். காற்று அதைப் பாய்மரம்போல் தூக்குகிறது. குவியலில் பாதி போயிற்று. ஓரத்து நெல்லை அள்ளினால் விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. அரசு கொள்முதலில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் கூடாது என்பார்கள். இதைக் காயவைக்க எத்தனை நாளோ.

எல்லாம் முடிந்தபிறகு வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். ‘டெல்டா மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை’. மூன்று கிலோமீட்டர் தள்ளி என் மைத்துனர் ஊரில் புழுதி பறக்கிறது. எந்த நாளுக்கும் பொருந்துகிற இந்த வாக்கியத்தை நானே எழுதிவிடுவேனே? இதற்கு எதற்கு ஒரு மையம்?

பந்தல்காரர், குடந்தை | ஞாயிறு, இரவு 10.31

நல்ல வேளை, புரட்டாசியில் முகூர்த்தம் இல்லை. ஐப்பசி பிறந்ததும் எனக்கும் இதே கதைதான். பெண் வீட்டார் மழை வருமா என்று என்னைத்தான் கேட்கிறார்கள். ‘தகரம் போடலாமா, துணி போதுமா’ என்று நான் திருப்பிக் கேட்பேன்.

ஓய்வு அறிவியல் ஆசிரியர் | திங்கள், காலை 6.40

தம்பி, நெல் நனைந்த வேதனையில் இருப்பவரிடம் பாடம் நடத்தக் கூடாது. ஆனாலும் கேட்டுவிட்டீர்கள்.

அறிக்கையில் வரும் அந்தச் சொற்கள் அலங்காரம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. ஒரு பகுதியில் மழைமானி உள்ள இடங்களில் நான்கில் ஒரு பங்குவரை மழை பெய்தால் அது ‘ஓரிரு இடங்கள்’. 26 முதல் 50 சதவீதம் என்றால் ‘ஒருசில இடங்கள்’. அதற்கு மேல் 75 வரை ‘பல’ அல்லது ‘அநேக’, அதையும் தாண்டினால் ‘பெரும்பாலான’. அப்படியானால் நேற்றைய அறிக்கை சொன்னது என்ன? உங்கள் களம் நனையாமல் தப்பிக்க நான்கில் மூன்று வாய்ப்பாவது இருந்தது. நீங்கள் அந்த நான்காவதில் மாட்டிக்கொண்டீர்கள்.

இன்னொரு சொல்லையும் பாருங்கள்: ‘மிதமான’. நாம் அதைத் தூறலுக்குச் சற்று மேலே என்று நினைத்துக்கொள்கிறோம். ஆய்வு மையத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் 15.6 மில்லிமீட்டரிலிருந்து 64.4 வரை மிதமான மழைதான். ஆறு சென்டிமீட்டர் மழையும் மிதமானதே! 64.5 தொட்டால்தான் ‘கன மழை’, 115.6 முதல் ‘மிகக் கன மழை’, 204.5 முதல் ‘அதி கன மழை’. உங்கள் களத்தை நாசமாக்க 10 மில்லிமீட்டர் போதும். ஆக, ‘மிதமான’ என்று படித்து நிம்மதி அடைந்தால் அது நம் அகராதி, அவர்கள் அகராதி அல்ல.

ஏன் மூன்று கிலோமீட்டரில் இத்தனை வேறுபாடு? புரட்டாசி மழை பெரும்பாலும் வெப்பத்தால் எழும் இடிமழை. தரை காய்ந்து, அதை ஒட்டிய காற்று சூடேறி மேலே போகிறது. சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி என்று மேலே குளிர்ந்துகொண்டே போகும். ஈரம் துளியாகும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. அந்த வெப்பம் மேகத்தை இன்னும் மேலே தள்ளுகிறது. இப்படி வளரும் ஒரு தனி இடிமேகத்தின் குறுக்களவு சில கிலோமீட்டர்தான், ஆயுள் ஏறத்தாழ ஒரு மணி நேரம். இந்தப் பருவத்தில் நடுவானில் காற்று மேற்கிலிருந்து வீசுவதால் உள்மாவட்டங்களில் மதியம் எழுந்த மேகங்கள் சாயங்காலத்தில் நம் பக்கம் நகர்ந்து வருகின்றன.

உங்கள் படுதாவைத் தூக்கிய காற்றும் அந்த மேகத்தின் வேலையே. மழையோடு சேர்ந்து மேலிருந்து குளிர்ந்த காற்று கீழே விழுந்து, தரையில் மோதி, நாலாபக்கமும் பரவும். மழைக்கு முன்பாகவே அது வந்துவிடும். புழுக்கத்தின் நடுவே திடீரென்று மேற்கிலிருந்து ஜில்லென்று முகத்தில் அடித்தால், படுதாவை எடுக்கக் கிளம்பும் நேரம் கடந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைமடைக்காரி | திங்கள், காலை 11.15

ஆசிரியர் ஐயா, விளக்கம் சரி. ஆனால் ‘நான்கில் மூன்று தப்பிக்கும்’ என்பதை வைத்து நான் என்ன செய்வது? திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் பக்கம் கடைசியாகத் தண்ணீர் வரும், கடைசியாக அறுவடை வரும், மழை மட்டும் முதலில் வந்துவிடும். எனக்கு வேண்டியது ஆம் அல்லது இல்லை. மருத்துவரிடம் போனால் ‘உங்களுக்கு ஓரிரு இடங்களில் காய்ச்சல்’ என்று சொன்னால் ஏற்றுக்கொள்வோமா?

இன்னொன்று. செயலியைத் திறந்தால் எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு, மாலை 4 மணிக்கு 60 சதவீதம் என்கிறது. ஆய்வு மையம் மாவட்டத்தோடு நிற்கிறது. எது துல்லியம்?

ஓய்வு அறிவியல் ஆசிரியர் | திங்கள், மாலை 5.20

அம்மா, காய்ச்சல் உவமை நன்றாக இருக்கிறது. வகுப்பாக இருந்தால் சிரித்திருப்பேன்.

ஊர்ப் பெயர் போட்டிருப்பதாலேயே அது ஊர்க் கணிப்பு ஆகிவிடாது. உலகக் கணினி மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுகின்றன. ஐரோப்பிய வானிலை மையத்தின் மாதிரியில் கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர். நம் நாட்டில் 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்த பாரத் முன்னறிவிப்பு அமைப்பில் 6 கிலோமீட்டர். சில கிலோமீட்டரே அகலமுள்ள இடிமேகம் அந்தக் கட்டத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். மாதிரிக்கு அது தனி மேகமாகத் தெரியாது. இந்தப் பக்கம் இடிமழைக்கு ஏற்ற சூழல் இருக்கிறது என்றுதான் தெரியும். செயலி அந்தக் கட்டத்தின் எண்ணை எடுத்து, உங்கள் ஊர்ப் பெயரை மேலே ஒட்டி, ஒரு படம் போட்டுவிடுகிறது. மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்ளும் ஆய்வு மையம் தன் எல்லையை ஒப்புக்கொள்கிறது. என் மதிப்பெண் அதற்குத்தான்.

60 சதவீதம் என்றால் மாலை முழுவதும் 60 சதவீத நேரம் பெய்யும் என்றோ, ஊரில் 60 சதவீதம் நனையும் என்றோ பொருள் அல்ல. இதேபோன்ற பத்து நாள் வந்தால் அவற்றில் ஆறு நாள் உங்கள் இடத்தில் பெய்யும், நான்கு நாள் பெய்யாது. பெய்யாத நாளில் கணிப்பு பொய்த்தது என்று திட்டுகிறோம். அது அந்த நான்கில் ஒன்றாக இருக்கலாம்.

இனி ஆம், இல்லை விஷயம். மழையை மட்டும் பார்க்காமல் நட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு: படுதா வாடகை, இரண்டு ஆள் கூலி, எல்லாம் சேர்த்து 500 ரூபாய், நனைந்தால் 5,000 ரூபாய் போகும். செலவு நட்டத்தில் பத்தில் ஒரு பங்கு. எனவே மழை வாய்ப்பு 10 சதவீதத்தைத் தாண்டிவிட்டாலே மூடிவிடுவது லாபம். ‘ஓரிரு இடங்கள்’ என்றாலும் மூடத்தான் வேண்டும். அதே அறிக்கையைப் படித்து, கொடியில் காயும் துணியை நீங்கள் எடுக்காமல் விடலாம். அறிக்கை ஒன்றுதான், யார் எதை இழப்பார் என்பது வேறு. பந்தல்காரர் ‘தகரமா, துணியா’ என்று கேட்கிறாரே, அது இந்தக் கணக்குதான்.

கடைமடைக்காரி | திங்கள், இரவு 8.02

மூடுவதற்கு உங்கள் கணக்கு சரி. அறுப்பதற்குச் சரிவராது. அறுவடையைத் தள்ளிப்போட்டால் செலவு எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? இன்றைக்கு வேண்டாம் என்று அனுப்பிய வண்டி பத்து நாளைக்குத் திரும்பாது. கதிர் முற்றிச் சாய்ந்தால் மணி உதிரும். டயர் வண்டி சேற்றில் இறங்காது; பெல்ட் வண்டிக்கு வாடகை கூடுதல். வண்டிக்காரரின் கைப்பேசி எண்தான் எங்கள் வானிலை மையம்.

ஓய்வு அறிவியல் ஆசிரியர் | திங்கள், இரவு 8.40

ஒத்துக்கொள்கிறேன். அந்தச் செலவை நான் எண்ணவே இல்லை.

வேதாரண்யம் உப்பளத்தான் | செவ்வாய், காலை 7.10

இத்தனை சதவீதத்துக்கு நடுவே ஒரு பழைய ஆள் பேசலாமா? பாத்தியில் உப்பு கோடு கட்டும் நேரத்தில் ஒரு தூறல் விழுந்தாலே எங்கள் உழைப்பு கரைந்துவிடும். அப்பா கைப்பேசி பார்த்ததில்லை. தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை என்பார். அந்தி ஈசல் பூத்தால் அடைமழை என்பார். நிலாவைச் சுற்றி வட்டம் கட்டினால், அகல வட்டம் பகல் மழை. மார்கழியில் மேகம் ஓடும் போக்கை, அதாவது கர்ப்போட்டம் பார்த்து அடுத்த வருஷத்து மழையையே சொல்லுவார். பலித்திருக்கிறது.

ஓய்வு அறிவியல் ஆசிரியர் | செவ்வாய், மாலை 4.55

தட்டானுக்கும் ஈசலுக்கும் தேர்ச்சி மதிப்பெண் தரலாம். காற்றில் ஈரம் கூடிய நேரத்தில் சிறு பூச்சிகளின் போக்கு மாறும். அவற்றைத் தின்னும் தட்டான் பின்னாலேயே வரும். அது இப்போதைய ஈரத்தைச் சொல்கிறது, நாளைய மழையை அல்ல.

நிலா வட்டத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. உயரத்தில் மெல்லிய பனிப்படிக மேகம் பரவியிருந்தால் அறுகோணப் படிகங்கள் ஒளியை வளைத்து வட்டம் கட்டும். அந்த வட்டத்தின் ஆரம் 22 டிகிரி. கையை நீட்டி விரல்களை முழுக்க விரித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை ஏறத்தாழ அவ்வளவு. அது ஒருநாள் அகலமாகவும் ஒருநாள் குறுகலாகவும் வராது. நிலாவை ஒட்டினாற்போல் சிறிதாக வண்ணத்தோடு தெரிவது வேறு. அது நீர்த்துளி மேகத்தால் வருவது. உங்கள் அப்பா பார்த்தது ஒரே வட்டத்தின் இரண்டு அளவை அல்ல, இரண்டு விதமான மேகத்தை. அதைக் கண்ணால் பிரித்துப் பார்த்தாரே, பெரிய விஷயம்.

கர்ப்போட்டத்தை விட்டுவிடுவோம். பலித்ததை நினைவில் வைத்திருக்கிறோம். பலிக்காத வருஷங்களை எழுதிவைத்த நோட்டு இருந்தால் கொடுங்கள், பேசலாம்.

வேதாரண்யம் உப்பளத்தான் | செவ்வாய், மாலை 6.30

நோட்டு இல்லை. 2018 மட்டும் நோட்டு இல்லாமலே நினைவிருக்கிறது.

கடைமடைக்காரி | செவ்வாய், இரவு 7.45

எனக்கும்தான். கஜா. நவம்பர் 16 விடியற்காலை, நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. எங்கள் தோப்பில் தென்னைகள் ஒரே திசையில் படுத்துக்கிடந்தன, யாரோ சீப்பால் வாரிவிட்டதுபோல். அன்றிலிருந்து ‘புயல் சின்னம்’ என்று செய்தியில் கேட்டாலே வயிற்றைப் பிசைகிறது. தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம்… எதில் பயப்படத் தொடங்க வேண்டும்?

சீர்காழி மழைக்குப்பி | செவ்வாய், இரவு 9.58

அக்கா, இதற்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு நேரம் வெளியே நின்று படித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெயர்கள் எல்லாம் காற்றின் வேகத்துக்கு வைத்த படிகள். மணிக்கு 31 முதல் 50 கிலோமீட்டர் என்றால் தாழ்வு மண்டலம், 51 முதல் 62 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 63ஐத் தொட்டால் புயல், பெயரும் கிடைக்கும். 89 முதல் தீவிரப் புயல். மழைக்கும் இந்தப் படிகளுக்கும் நேர்த் தொடர்பு இல்லை. 2016 டிசம்பரில் ‘நாடா’ என்று பெயரோடு வந்தது கரையை நெருங்கும்போது இளைத்துப்போய் காரைக்கால் பக்கம் சத்தமில்லாமல் ஏறியது. 2022 நவம்பரில் எங்களுக்கு வந்ததற்குப் பெயரே கிடையாது, வெறும் தாழ்வுப் பகுதி. நவம்பர் 12 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் சீர்காழியில் 44 சென்டிமீட்டர். அதி கன மழைக்கு 20.4 சென்டிமீட்டரைத் தாண்டினால் போதும் என்று ஆசிரியர் சொன்னாரே, அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். வயல் எது, வாய்க்கால் எது, சாலை எது என்று தெரியவில்லை. 2008இல் நிஷா வந்தபோது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 சென்டிமீட்டர் பதிவானது. நிஷாவும் காற்றில் பெரிய ஆள் இல்லை. காற்று வலிமையாக இருந்தால் மரம் போகும். மெதுவாக நகர்ந்தாலோ, ஒரே இடத்தில் நின்றாலோ பயிர் போகும். செய்தியில் பெயரைவிட ‘மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது’ என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

காலை 8.30 என்று ஏன் சொன்னேன் என்றால், இந்தியா முழுவதும் மழை அளப்பது அந்த நேரத்தில். இன்று காலை பத்து மணிக்குப் பெய்த மழை நாளைய கணக்கில் வரும். ‘நேற்று அடித்து ஊற்றியது, நாளிதழில் பூஜ்யம் போட்டிருக்கிறார்கள்’ என்று சண்டைக்குப் போகும் பலருக்கு இது தெரியாது.

வயல்காரன் அண்ணா, உங்கள் ஊரில் எவ்வளவு பெய்தது என்று கேட்டால் சொல்ல முடியுமா? ‘நல்ல மழை’ என்பீர்கள். அந்த வெள்ளத்துக்குப் பிறகு நான் ஒரு குப்பி வைத்திருக்கிறேன். தண்ணீர் குப்பி, உடம்பு ஒரே அகலமாக இருக்க வேண்டும். கழுத்தை அறுத்து, அதையே தலைகீழாகப் புனல்போல் செருக வேண்டும். அடியில் மேடு பள்ளம் இருப்பதால் கூழாங்கல்லும் கொஞ்சம் தண்ணீரும் போட்டுச் சமதளமாக்கி, அந்த மட்டத்தைப் பூஜ்யம் என்று குறித்து, பள்ளிக்கூட அளவுகோலை ஒட்டிவிட்டேன். வாயும் உடம்பும் ஒரே அகலமென்றால் ஒரு மில்லிமீட்டர் ஏறினால் ஒரு மில்லிமீட்டர் மழை. மரத்தடியில், சுவரோரம் வைக்கக் கூடாது. மரம் எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி வையுங்கள். ஒரு மா நிலத்தில் 10 மில்லிமீட்டர் பெய்தால் ஏறத்தாழ 13,000 லிட்டருக்கு மேல் தண்ணீர். அது தெரிந்தால் வடிகாலை எப்போது வெட்டுவது, மடையை எப்போது அடைப்பது என்று தீர்மானிக்கலாம்.

நீடாமங்கலம் வயல்காரன் | புதன், காலை 6.15

நன்றி தம்பி. மீதி இரண்டு மா நிற்கிறது. வண்டி சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்குச் சாயங்காலம் மறுபடி மேற்கே கறுத்தால் எவ்வளவு நேரம் இருக்கும் என்று கண்டுபிடிக்க ஏதாவது வழி இருக்கிறதா? நாளைக் கணிப்பு வேண்டாம். ஒரு மணி நேரம் போதும்.

சீர்காழி மழைக்குப்பி | புதன், காலை 7.30

அதற்குக் காரைக்கால் ரேடார் இருக்கிறது. ஆய்வு மையத்தின் இணையத்தளத்தில் யாரும் பார்க்கலாம். சில நிமிடத்துக்கொருமுறை புதுப் படம் வரும். நான் செய்வது இதுதான்: சிவப்பு, மஞ்சள் திட்டு எங்கே இருக்கிறது என்று பார்த்து, இருபது நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பேன். பத்து கிலோமீட்டர் கிழக்கே நகர்ந்திருந்தால் மணிக்கு முப்பது. உங்கள் ஊருக்கு மேற்கே இன்னும் இருபது கிலோமீட்டர் என்றால் நாற்பது நிமிடம் இருக்கிறது. வழியிலேயே அது செத்துப்போகலாம், அல்லது முன்னே தள்ளிய குளிர்காற்றால் புதிதாக ஒன்று உங்கள் தலைக்கு மேலேயே முளைக்கலாம். ரேடார் பார்ப்பது உயரத்தில் உள்ள துளிகளை. தூரம் கூடக்கூடக் கதிர் மேலே போய்விடும், தரைக்கு வருமுன் துளி ஆவியாகவும் செய்யும். ஆனாலும் சூரியன் படத்தைவிட இது ஆயிரம் மடங்கு மேல். ஆய்வு மையமும் அடுத்த மூன்று மணி நேரத்துக்கு என்று அவ்வப்போது எச்சரிக்கை தருகிறது. செவ்வாயும் வெள்ளியும் வரும் வேளாண் வானிலை அறிக்கையை ‘மேகதூத்’ செயலியில் தமிழிலேயே படிக்கலாம்.

மின்னல் அடித்து இடி கேட்கும்வரை எண்ணுங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். இடி காதில் விழுகிற தூரத்தில் இருந்தாலே மின்னல் உங்களைத் தொடும் தூரம்தான். படுதாவுக்காகக் களத்து நடுவில் நிற்க வேண்டாம், அண்ணியையும் நிறுத்த வேண்டாம்.

ஓய்வு அறிவியல் ஆசிரியர் | புதன், காலை 9.05

ஒரே ஒரு திருத்தம், இந்த மாதத்தோடு போய்விடும் என்பதால். மேற்கைப் பார்க்கும் பழக்கம் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் உதவாது. அப்போது மழை கடலிலிருந்து வரும். பின்னிரவில் தரை குளிர்ந்துவிடும், கடல் வெதுவெதுப்பாகவே இருக்கும். தரையிலிருந்து கடலுக்குப் போகும் காற்று வடகிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்றோடு கரையோரம் மோதுவதால், நாகை, காரைக்கால் பக்கம் விடியற்காலையில்தான் அடித்துக் கொட்டும். புரட்டாசியில் சாயங்காலத்துக்குப் பயப்படுகிறவர்கள் ஐப்பசியில் தூங்கப்போகும் முன் கிழக்கே ரேடாரைப் பாருங்கள்.

பந்தல்காரர், குடந்தை | புதன், காலை 9.40

முகூர்த்தமும் விடியற்காலையில்தான் ஐயா. இனிமேல் தகரம்தான்.

நீடாமங்கலம் வயல்காரன் | ஞாயிறு, காலை 9.10

நேற்று அறுத்தாயிற்று. அறிக்கையில் மறுபடியும் ‘ஓரிரு இடங்களில்’. நாலரை மணிக்கே மூட்டை பிடித்து உள்ளே ஏற்றிவிட்டோம். ஐந்தே காலுக்கு ரேடாரில் ஒரத்தநாட்டுக்குத் தெற்கே ஒரு சிவப்புத் திட்டு. ஐந்தரைக்கு நம் பக்கம் திரும்பியது. ஆறு மணிக்குப் பெய்தது. இன்று காலை 8.30க்குக் குப்பியில் 19 மில்லிமீட்டர். மைத்துனர் ஊரிலும் ஒரு குப்பி வைக்கச் சொல்லியிருந்தேன், அங்கே 3.

ஒரு சந்தேகம். குப்பியில் இரண்டு கட்டெறும்பும் ஒரு புளியிலையும் கிடந்தன. அவற்றைக் கழித்துவிட்டு அளக்க வேண்டுமா?

சீர்காழி மழைக்குப்பி | ஞாயிறு, காலை 9.22

எறும்பால் கணக்கு மாறாது அண்ணா. புளியிலை எப்படி வந்தது? மரத்தடியில் வைத்திருக்கிறீர்கள். தள்ளி வையுங்கள்.